செம்புத் தூம்பு வீடு

காலை ஐந்தே முக்கால் மணி. வீட்டுக் கூடமான பட்டாசலின் சுவரில், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு, ஓர் ஆள் சாய்ந்து உட்கார்ந்திருந்து எழுந்து போனது போல ஈரம் இருந்தது. அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரியப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் பெரியம்மா. பாயில் படுத்திருந்த நானும் பெரியப்பா மகளான அக்காவும் கண்ணை மட்டும் திறந்து பார்த்தோம்.

சுவருக்கு வெள்ளையடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆடி பிறப்பதற்குள் அக்காவைப் பார்த்துவிட்டுப் போக சிவகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் எந்த இடத்தில், எந்தச் சுவரில் சாய்ந்து உட்காருவார் என்பதுவரை பெரியப்பா முடிவு செய்து வைத்திருந்தார். ஈரம் இருந்தது அந்த இடத்தில்தான்.

அவர் சுவரைத் தொட்டார். விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி மச்சைப் பார்த்தார். மச்சில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா பெரியப்பாவுக்கு ஒரே தம்பி. சாப்பாடும் பள்ளிக்கூடப் பாடமும் எனக்கு மச்சில். விளையாட்டும் தூக்கமும் கீழே, அக்காவோடு. பட்டாசலிலிருந்தே மச்சுக்குப் படி ஏறியது. ஒரு நாளில் எத்தனை தடவை அந்தப் படியில் ஏறி இறங்குவேன் என்று எனக்கே தெரியாது.

தென்காசியில் எங்கள் தெருவில் அந்த வீட்டுக்கு ‘செம்புத் தூம்பு வீடு’ என்று பெயர். கட்டியவர் தாத்தா. கொழும்பில் வியாபாரம் செய்தவர். சாரல் அடிக்கிற ஊரில் இரும்பு துருப்பிடித்துப் போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மச்சிலிருந்து கழிவுத் தண்ணீர் இறங்குவதற்குச் செம்புத் தகட்டை வளைத்து, ஈயம் பற்றவைத்து, கை கொள்ளாத கனத்தில் ஒரு தூம்புக் குழாய் செய்ய வைத்தார். மச்சு அங்கணத்தில் அரிசி களைந்தது, பாத்திரம் கழுவியது எல்லாம் அந்தக் குழாய் வழியாக முற்றத்தின் ஓரமாக, பட்டாசல் சுவரின் மறுபக்கத்தை ஒட்டி இறங்கி, தெரு வாறுகாலில் போய் விழும். மற்ற வீடுகளில் குடிக்கிற தண்ணீருக்குச் செம்பு. இந்த வீட்டில் கொட்டுகிற தண்ணீருக்குச் செம்பு என்று ஊர் சிரித்ததாம். தாத்தா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பெரியம்மாவுக்கு, செம்பு என்று ஒன்று மங்கிக் கிடந்தால் கை சும்மா இராது. வெள்ளிக்கிழமைதோறும் குடம், சொம்பு, குத்துவிளக்கு எல்லாம் துலக்கி முடித்த பிறகு, கடைசியாகப் புளியையும் செங்கல் பொடியையும் எடுத்துக்கொண்டு குழாய்க்கு வருவாள். அடியிலிருந்து கை எட்டுகிற உயரம்வரை அழுத்தித் தேய்ப்பாள். கழுவித் துடைத்து, நடுவில் மஞ்சளும் குங்குமமும் வைப்பாள். கழிவுநீர்க் குழாய்க்குப் பொட்டு வைத்த வீடு தென்காசியில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே குழாயின் கீழ்ப்பகுதி அந்தி வெயில் போல மின்னும். பெரியம்மாவின் கை எட்டாத மேல்பகுதி களிம்பேறிப் பச்சையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது போல ஓர் எல்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பெரியப்பா கீழ்ப்பகுதியைக் காட்டிப் பெருமைப்படுவார். மேல்பகுதிக்கு வருத்தம் தெரிவிப்பார்.

அன்று காலை அவர் வருத்தம் தெரிவிக்கிற மனநிலையில் இல்லை. மேலே களிம்பு பிடித்த இடம் உளுத்துவிட்டது, மச்சில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குடம் குடமாகக் கொட்டுகிறார்கள், தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறது என்பது அவர் கட்சி. சாரல் என்பது அப்பாவின் கட்சி. அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனி மாதம் எங்கள் ஊரில் உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். தீக்குச்சி பற்றாது. அப்பளம் பொரிப்பதற்கு முன்பே துவண்டு கிடக்கும். குற்றாலத்து மலையிலிருந்து காற்றோடு வருகிற தூறல், முற்றத்தின் வழியாக உள்ளே வந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போகும். அந்தச் செம்புக் குழாயே நாள் முழுவதும் முத்து முத்தாக வேர்த்துத்தான் நிற்கும்.

“மேல தண்ணிய ஊத்துதாவ, கீழ செவரு நனையுது. இதுல சாரலு எங்கன வந்துச்சு?” என்றார் பெரியப்பா. அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. தூணைப் பார்த்துச் சொன்னார்.

“தெருவுல எல்லா வீட்டுச் செவரும் நனைஞ்சுதான் கெடக்கு. எல்லா வீட்டு மச்சுலயும் நாமளா குடியிருக்கோம்?” என்று அப்பா அதே தூணுக்குப் பதில் சொன்னார்.

பேச்சு வளர்ந்தது. தாத்தா காலத்துப் பங்கு, யார் செலவில் எப்போது ஓடு மாற்றியது என்று எங்கெங்கோ போய்த் திரும்பியது. கடைசியில் பெரியப்பா ஒரு தீர்ப்பு சொன்னார். வெள்ளிக்கிழமை காரியம் நல்லபடியாக முடியட்டும். சனிக்கிழமை கொத்தனார் வருவார். பட்டாசலில் இருக்கிற படி வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம். மச்சுக்காரர்கள் தெருப் பக்கம் தனிப்படி வைத்துக்கொள்ளட்டும். தண்ணீரையும் தெருப் பக்கமே கொட்டிக்கொள்ளட்டும்.

எனக்குக் குழாயைப் பற்றிக் கவலை இல்லை. படியை அடைத்தால் நான் எங்கே தூங்குவது என்பதுதான் கவலை. அக்காவிடம் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, முற்றத்து வழியாகக் கயிறு கட்டி என்னைக் கூடையில் இறக்கிக்கொள்ளலாம் என்றாள். அது எனக்கு நல்ல ஏற்பாடாகப் பட்டது.

சீசன் வந்துவிட்டால் அண்ணனும் தம்பியும் விடியற்காலையில் ஒரே ஜட்கா வண்டியில் குற்றாலம் போய் அருவியில் குளித்துவிட்டு வருவார்கள். பிறகு பெரியப்பா பலசரக்குக் கடைக்கும் அப்பா தபால் ஆபீசுக்கும் போவார்கள். சண்டை வந்த மறுநாளும் குளியலை விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. வண்டி ஒன்றுதான். இருவருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள்.

“கொஞ்சம் கால மடக்கி உக்காரச் சொல்லும்வே,” என்றார் பெரியப்பா வண்டிக்காரரிடம்.

“மடக்கித்தான் இருக்கு. பாரம் எந்தப் பக்கம்னு குதிரைட்ட கேளும்வே,” என்றார் அப்பா, அதே வண்டிக்காரரிடம்.

வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. “குதிர ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி,” என்றார்.

அருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் குளித்துவிட்டு ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு நின்ற நான், ஆண்கள் பக்கம் நடந்ததைப் பார்த்தேன். பெரியப்பா எண்ணெய்க் கிண்ணத்தோடு பாறையில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு, கை, கால் எல்லாம் தேய்த்தாயிற்று. முதுகு மிச்சம் இருந்தது. கை எட்டவில்லை. அப்பா பக்கத்தில் வந்து நின்றார். கிண்ணத்தை எடுத்தார். ஒவ்வொரு வருஷமும் தேய்ப்பது போலவே அண்ணன் முதுகில் எண்ணெயைச் சரசரவென்று தேய்த்துவிட்டார். பெரியப்பாவும் குனிந்து கொடுத்தார். இருவரும் அருவிக்குள் போய் அடுத்தடுத்து நின்றார்கள். திரும்பும்போது குதிரை வழியாகச் சண்டை தொடர்ந்தது.

சாரலா, குழாயா என்று சோதித்துப் பார்த்துவிடலாம் என்ற யோசனையும் பெரியப்பாவுடையதுதான். துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து மேலே ஊற்ற வேண்டும். சுவரில் நீலம் வந்தால் குழாய், வராவிட்டால் சாரல். நல்ல காரியம் நடக்கப் போகிற வீட்டில் நீலமாவது என்று பெரியம்மா மறித்தாள். மஞ்சளைக் கரைத்து ஊற்றச் சொன்னாள். அம்மா ஒரு அண்டா நிறைய மஞ்சள் தண்ணீர் கரைத்தாள். புதன்கிழமை சாயங்காலம் அப்பா அதைச் செம்பு செம்பாக அங்கணத்தில் ஊற்றினார். கீழே பெரியப்பா சுவருக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெரு வாறுகாலில் மஞ்சள் ஓடியது. எந்த வீட்டில் சடங்கு என்று நாலு பேர் விசாரித்துவிட்டுப் போனார்கள். விளக்கு வைத்தாயிற்று. சுவரில் மஞ்சள் வரவில்லை. அப்பா அன்று இரவு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை, குளித்துவிட்டு ஈரத் தலையோடு பட்டாசலுக்கு வந்த பெரியம்மா அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளைச் சுவரில் மஞ்சள் இல்லை. சிவப்பு இருந்தது. குங்குமத்தைக் கரைத்துத் தெளித்தது போல, நடுவில் அடர்ந்து ஓரத்தில் மங்கிய சிவப்பு. பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எதிர் வீட்டு அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாள். அத்தை திரும்பிப் போய்க் கற்பூரத் தட்டோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பல் விளக்கிக்கொண்டிருந்த பெரியப்பா வாயில் பொடியோடு ஓடி வந்தபோது, சுவருக்குக் கற்பூரம் காட்டியாகிவிட்டது.

சத்தம் கேட்டு அம்மா படியில் பாதி இறங்கி எட்டிப் பார்த்தாள். “சுண்ணாம்புல மஞ்ச பட்டா செவக்காம என்ன செய்யும்? நாம ஆரத்தி கரைக்கது இல்லயா?” என்றாள்.

அது எல்லாருக்கும் தெரிந்த விஷயந்தான். சுவரில் இருந்ததும் புதுச் சுண்ணாம்புதான். ஆனால் எல்லாரும் மஞ்சளுக்காகக் காத்திருந்ததால் சிவப்பு யாருக்கும் தோன்றவில்லை. எதிர் வீட்டு அத்தை கற்பூரத்தை வாயால் ஊதாமல் கையால் அமர்த்தி, தட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

பெரியப்பா வாய் கொப்பளித்துவிட்டு வந்து, தூணைப் பார்த்து, “சாரலு செவப்பா பெய்யுது போல,” என்றார். பத்து மணிக்கெல்லாம் ஒரு மாட்டு வண்டியில் செங்கல் வந்து வாசலில் இறங்கியது.

பூ வாங்கவும் கோவிலுக்குப் போகவும் பெரியம்மா வெளியே கிளம்பிய நேரத்தில் அம்மா கீழே வந்தாள். அதிசயமாக அன்று சாரல் விட்டு, முற்றத்தில் வெயில் விழுந்திருந்தது. அம்மாவின் கையில் சாதாரணமான ஓர் இரும்புக் கரண்டி. பாத்திரக் கடையில் குடம் வாங்கும்போது அவள் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். அதேபோலக் குழாயை அடியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். பளபளப்பான இடமெல்லாம் தகர டப்பாவைத் தட்டியது போல மொத்தையாகச் சத்தம் வந்தது. முக்காலி போட்டு ஏறி, பச்சையாக இருந்த மேல்பகுதியைத் தட்டினாள். ணங் என்று கேட்டது. திரும்பவும் கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு. உளுத்துப் போனதாகச் சொல்லப்பட்ட இடம் மணி போல ஒலித்தது.

முந்தானையால் குழாயை ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தாள். மச்சில் இருந்த அக்காவிடம் குரல் கொடுத்து, ஒரு குடம் தண்ணீரை மெதுவாகச் சரிக்கச் சொன்னாள். உள்ளே தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. பச்சைப் பகுதி உலர்ந்தே இருந்தது. பளபளப்பான பகுதியில், நெஞ்சு உயரத்தில், மூக்கு நுனி வேர்ப்பது போலப் பொடிப்பொடியாகத் தண்ணீர் துளிர்த்தது. துளிகள் ஒன்று சேர்ந்து வழிந்து, குழாயைச் சுவரோடு பிடித்திருந்த பட்டையைத் தொட்டு, பட்டை வழியாகச் சுவருக்குள் போயின. அம்மா அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். தகடு உள்ளே போய் வெளியே வந்தது.

பிறகு அவள் செய்தது எனக்கு விளையாட்டாகத் தெரிந்தது. குழாயை ஒட்டி நின்று கையை உயர்த்தினாள். அவள் விரல்கள் பச்சைப் பகுதிக்குள் போயின. கொஞ்சம் முழங்காலை மடக்கித் தன்னைக் குள்ளமாக்கிக்கொண்டு மறுபடி உயர்த்தினாள். இப்போது விரல் நுனி, பளபளப்பு முடிகிற கோட்டில் சரியாக நின்றது. பெரியம்மா அம்மாவைவிட ஒரு சாண் உயரம் குறைவு. அம்மா கையை இறக்கிவிட்டு, குழாயில் இருந்த குங்குமப் பொட்டைச் சற்று நேரம் பார்த்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பெரியப்பா கடையிலிருந்து வந்தார். அப்பாவும் வந்திருந்தார். அம்மா பெரியப்பாவுக்கு எதிரில் நின்று பேசுகிறவள் அல்ல. அன்று படியின் கடைசியில் நின்றுகொண்டு பேசினாள்.

“அத்தான், தூம்பு ஒழுகத்தான் செய்யுது. சாரல் இல்ல. தப்பு எங்க மேலதான். ரசத்து மண்டி, புளித் தண்ணி எல்லாத்தயும் அங்கணத்துலயே கொட்டிட்டு இருக்கோம். புளி செம்ப அரிச்சிட்டு. இனும கொட்ட மாட்டோம்.”

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையை, பின்னாளில் தவறான தந்தியைக் கையில் வாங்கியவர்களின் முகத்தில்தான் நான் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவின் நிலைமை இன்னும் மோசம். மறுத்தால் என்ன சொல்வது என்று அவர் நிறைய யோசித்து வைத்திருந்தார். ஒப்புக்கொண்டால் என்ன சொல்வது என்று ஒன்றும் யோசித்திருக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மறுபடி எடுத்தார்.

“அதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, வீடுன்னா ரசம் வைக்கத்தான் செய்வாவ. மண்டி இல்லாம ரசம் உண்டா?” என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, அப்பாவை நேராகப் பார்த்து, “செங்கல் முத்தத்து ஓரமா கெடக்கட்டும்லே. கல்யாணம்னு வந்தா அடுப்புக் கட்ட வேணும்லா,” என்றார். லே என்று அவர் அப்பாவைக் கூப்பிட்டு நான்கு நாள் ஆகியிருந்தது.

பெரியம்மா கோவிலிலிருந்து வந்து அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். மறுநாள் ஆட்கள் வருகிறார்கள் என்பதால் குழாயை முந்தின நாளே துலக்கிவிட நினைத்து, ஒரு கையில் புளி உருண்டையும் மறு கையில் சிரட்டை நிறையச் செங்கல் பொடியும் வைத்திருந்தாள். புளி செம்பை அரித்துவிட்டது என்று அம்மா சொன்னபோது, பெரியம்மா கையிலிருந்த புளியைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பெரியம்மா உள்ளே போனாள். புளிச் சாடி மூடுகிற சத்தம் கேட்டது. அன்று குழாய் துலக்கப்படவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மச்சுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன், பச்சையாக இருந்த இடம் நன்றாகத்தானே இருந்தது, பளபளவென்று இருந்த இடத்தில்தானே ஓட்டை, அதை ஏன் சொல்லவில்லை என்று. சொல்லியிருந்தால் அப்பா கட்சி ஜெயித்திருக்கும் என்பது என் கணக்கு.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “ரசத்துக்கு என்னட்டி ரோசம்? யாரு பழி சொன்னாலும் கேட்டுக்கிடும்,” என்றாள்.

சாயங்காலம் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வந்தார். தேய்ந்த இடத்தைச் சுற்றிப் புதுத் தகட்டைப் பட்டையாக வைத்துப் பற்றவைத்தார். நடுவில் நிமிர்ந்து, இது உள்ளேயிருந்து அரித்தது இல்லையே, வெளியேயிருந்து அல்லவா என்று ஆரம்பித்தார். அம்மா படியிலிருந்தே அவருக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்டாள். காப்பி வந்தது. பிறகு அவர் வேலையை மட்டும் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை சிவகிரிக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். சுவருக்கு மறுபடி அடித்த சுண்ணாம்பு காயவில்லை. சிவப்பும் முழுவதும் மறையவில்லை. யாரும் சொல்லாமலே அப்பா போய் அந்த இடத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் தகப்பனாரை எதிர்ச்சுவரோரம் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள், கும்பிட்டாள், போனாள். பேச்சு நீண்டது. அப்பா ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. முன்னால் குனியவும் இல்லை. பெண்ணின் சித்தப்பா மிகவும் அழுத்தமான மனிதர் என்று சிவகிரிக்காரர்கள் நினைத்திருக்க வேண்டும். சம்மதம் சொல்லிவிட்டு அவர்கள் தெருமுனை தாண்டிய பிறகுதான் எழுந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுவதும் சிவப்பு. பெரியப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சத்தமாகச் சிரித்தார். தன் பெட்டியைத் திறந்து, தீபாவளிக்கு எடுத்த சட்டையைக் கொண்டுவந்து தம்பிக்குப் போட்டுவிட்டார். அது அப்பாவுக்கு முழங்கால்வரை வந்தது. அதைப் போட்டுக்கொண்டே அப்பா தபால் ஆபீசுக்குப் போனார்.

மறுநாள் கொத்தனார் வந்து, வேலை இல்லை என்றதும் திரும்பிப் போனார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டிகளில் இரண்டு குடும்பமும் ஐந்தருவிக்குப் போனோம். புளியோதரை கீழ் வீட்டில் கட்டியது. தயிர்ச் சாதம் மேல் வீட்டில் கட்டியது. கூடையில் என்னை இறக்குகிற ஏற்பாடு நடக்காமல் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, “ஏட்டி, ஒங்கம்மைட்ட சொல்லு. ரசம் மிஞ்சிச்சுன்னா தூம்புல கொட்ட வேண்டாமாம், கீழ குடுத்து விடச் சொல்லு,” என்றாள். முகத்தை மிகவும் கண்டிப்பாக வைத்துக்கொண்டு சொன்னாள். நானும் அதே கண்டிப்போடு மேலே போய்ச் சொன்னேன். அம்மா சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் நீர் வந்து, அடுப்பிலிருந்ததை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். ஒரு செம்பு நிறைய ரசம் ஊற்றிக் கொடுத்தாள். மிஞ்சிய ரசம் அல்ல, அப்போதுதான் தாளித்தது. நான் படி இறங்கிக் கொண்டுபோய்க் கொடுத்ததும் பெரியம்மா அதேபோலச் சிரித்தாள். என்ன என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். இரண்டு பேரும் சொல்லவில்லை. பெரியப்பா அன்று ரசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் அவரே கேட்டார்.

அந்தச் சாரல் முடிவதற்குள் குழாயின் கீழ்ப்பகுதி பழுப்பேறி, பிறகு பச்சையாக மாறியது. கல்யாண வேலையில் பெரியம்மாவுக்குத் துலக்க நேரமில்லை என்று நான் நினைத்தேன்.

ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டு குடும்பத்துக்கும் ரசம் மச்சில் மட்டும்தான் வைத்தார்கள்.